ஆடிப்பெருக்கன்று கண்ணாடி ஓட்டலில்

போன மாதம் என் பிறந்தநாளுக்கு மகன் என்னைக் காவிரிக் கரையில் இருக்கும் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். நம் வயதுக்குப் பிறந்தநாள் என்பது பிள்ளைகள் தங்களுக்காகக் கொண்டாடிக்கொள்வது. நாம் நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து கொடுத்தால் போதும். மேசையில் மெனு கார்டு இல்லை. ஒரு சதுரக் கட்டத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். அதற்குப் போனைக் காட்ட வேண்டுமாம். "கையில பிடிச்சுப் படிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா கொண்டாப்பா" என்றேன். அந்தப் பையன் எங்கேயோ போய்த் தேடி ஒரு கார்டைக் கொண்டு வந்து கொடுத்தான். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும், சிரிக்காதீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது மெனு கார்டைப் பற்றி அல்ல. உள்ளே நுழையும்போது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கறுப்புக் கோட்டு, இழுத்து முடிந்த கொண்டை. "வாங்கம்மா, எத்தனை பேர்?" என்று கேட்டாள். மகன் பதில் சொல்லிவிட்டு நடந்தான். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். "அத்தை, வழியில நிக்கிறீங்க" என்று மருமகள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள்.

இதே கரையில், எனக்குத் தெரிந்து, அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்ட பெண் என் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. பிறந்தநாளன்று முழுக்க எனக்கு அவள் நினைப்புத்தான். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அந்த ஓட்டல் வந்தது. திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்துப் பக்கம் இறங்கினால், ஆற்றை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு இருந்தது. ஆடிப்பெருக்கன்று எங்கள் வீட்டுப் பாய் விரிகிற இடம் அதுதான். தோப்புக்காரர் விற்றுவிட்டார். மரங்கள் போய்க் கட்டடம் எழுந்தது. ஆற்றைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்த ஓட்டலுக்கு இங்கிலீஷில் நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். யார் வாயிலும் அது நுழையவில்லை. ஊருக்கு அது கண்ணாடி ஓட்டல்.

அதைப் பற்றி வராத வதந்தி இல்லை. சோற்றைக் கிண்ணத்தில் அமுக்கித் தட்டில் கவிழ்ப்பார்களாம். அதற்கு மேல் கேட்டால் முறைப்பார்களாம். உள்ளே மார்கழிக் குளிராம். கையால் சாப்பிட்டால் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்களாம். இதையெல்லாம் சொன்ன ஒருவர்கூட அந்தப் படியை மிதித்தவர் இல்லை. நானும் தம்பியும் பாலத்தில் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்ப்போம். வெயிலில் கண்ணாடி பளீரென்று கண்ணைக் கூசும், வேறொன்றும் தெரியாது.

எங்கள் வீடு திருவானைக்காவலில். ஒரே சுவரின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பெரியப்பா. பெரியம்மா காலமான பிறகு பெரியப்பாவுக்கு மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அரிசி மண்டி வைத்திருந்தார். எந்த அரிசியையும் உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார், மனிதர்களையும் கிட்டத்தட்ட அப்படித்தான். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அப்பா அண்ணன் முன்னால் நாற்காலியில்கூட உட்கார மாட்டார். அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசியதே இல்லை. எல்லாம் என் வழியாகத்தான். பெரியப்பா எதிரிலேயே நிற்பார். அம்மா என்னைப் பார்த்து, "உங்க பெரியப்பாகிட்ட ரசம் வேணுமான்னு கேளு" என்பாள். நான் கேட்பேன். அவரும் என்னிடம்தான் பதில் சொல்வார். அந்த வீட்டில் தபால்காரர் வேலையை நான்தான் பார்த்தேன்.

அத்தை அதற்கு முந்தைய வருஷம் புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்திருந்தாள். குழந்தை இல்லை என்று சொல்லி அந்த ஆள் இன்னொருத்தியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டான். இவளைப் போ என்று சொல்லிவிட்டான். இது எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், நாங்கள் போனால் பேச்சு நின்றுவிடும். எனக்குத் தெரிந்த அத்தை அதிகம் பேசாதவள். விடியற்காலையில் எழுந்து அத்தனை வேலையையும் செய்து முடித்துவிட்டு, மத்தியானம் அடுப்பங்கரை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே ஒரு கொய்யா மரத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது.

அவள் கன்னிமார் நடத்திய கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்திருந்தாள். அவளோடு படித்த ஒரு சிநேகிதி வந்து, கண்ணாடி ஓட்டலில் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்று உட்கார வைக்கப் பெண் தேடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை கதவோரம் நின்று, போகட்டுமா என்று கேட்டுவிட்டாள்.

பெரியப்பா கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு ஓட்டல் வாசல்ல நின்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் கும்பிடு போடறதா? நான் உசுரோட இருக்கேன்ல?" என்றார். "உனக்கு இங்க என்ன குறை பாப்பா? சொல்லு, என்ன குறை?"

அத்தையைப் பெரியப்பா பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவள் குறையொன்றும் சொல்லவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாதான் என்னைக் கூப்பிட்டாள்.

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லு. அவளுக்கு நாம சோறு போடறதுல குறையில்லை. ஆனா ஜன்னலைப் பாத்து உக்காந்திருக்கறதுக்கா அவளைப் படிக்க வெச்சாங்கன்னு கேளு."

நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. அப்பா விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியப்பா என்னிடமே தீர்ப்பைச் சொன்னார். "ஆடிப்பெருக்கு வரைக்கும் போகட்டும். அன்னிக்கு நானே நேர்ல போய்ப் பாப்பேன். மரியாதையான இடம்னா போகட்டும். இல்லேன்னா மறுநாள்லேருந்து வீட்டுலதான் இருக்கணும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

ஆனி மாதத்தில் அத்தை வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த ஒரு பருவம் எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி ஆறவே இல்லை. பித்தளைப் பெட்டி, உள்ளே கொட்டாங்கச்சிக் கரி. இப்போது அதைப் பூந்தொட்டியாக ஷோகேஸில் வைக்கிறார்கள். ஓட்டலில் கொடுத்த சாம்பல் நிறப் புடவையை அத்தை தினமும் காலையில் தேய்ப்பாள். ஈரம் தெளித்த பருத்தியிலிருந்து எழும் ஆவியும் கரிப்புகையும் கலந்த ஒரு வாசனை கூடம் முழுக்க வரும். சாயங்காலம் திரும்பும்போது அவளிடமிருந்து வேறொரு வாசனை வரும். அறுத்த எலுமிச்சம்பழம், அந்துருண்டை, குளிரூட்டிய அறையின் குளிர். குளிருக்கு வாசனை உண்டா என்று கேட்காதீர்கள். எனக்கு அன்று இருந்தது.

வேலை ஆறு மணிக்கு முடியும். அப்பா ரயில்வேயில் கிளார்க். ஆபீஸ் விட்டுச் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி வந்து, மாம்பழச்சாலையில் ஒரு வெற்றிலைபாக்குக் கடை ஓரமாக நின்று தங்கைக்காகக் காத்திருப்பார். அவள் வந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்து வருவார். வழியெல்லாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். அந்த வேலையைப் பற்றி அப்பா நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மழை நாளில்கூட அவர் அங்கே நிற்காமல் இருந்ததில்லை. 

அத்தைக்குப் பேச்சு வந்தது. ராத்திரி எங்களை உட்கார வைத்துக் கதை சொல்வாள். முதல் வாரத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் குடும்பத்தோடு வந்தாராம். வழவழவென்று மின்னுகிற தரையைப் பார்த்துவிட்டுச் செருப்பை வெளியே கழற்றிவிட்டார். அவரைப் பார்த்து அடுத்து வந்தவர்களும் கழற்றினார்கள். மத்தியானத்துக்குள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கோயில் வாசல் மாதிரிச் செருப்புக் குவியல். மேனேஜர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "போட்டுட்டே வாங்க சார்னு சொன்னா, பரவாயில்லம்மா, இருக்கட்டும்னு எனக்கே ஆறுதல் சொல்லிட்டுப் போறாங்க" என்று சொல்லிவிட்டு அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா கரண்டியோடு அடுப்பங்கரை வாசலுக்கு வந்து நின்று பார்த்தாள். வந்த நாளிலிருந்து அத்தை சிரித்து அன்றுதான் பார்க்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் ரேடியோ சட்டென்று நின்றது. அவரும் கேட்டிருக்க வேண்டும்.

எங்களை வைத்து ஒத்திகையும் நடக்கும். நானும் தம்பியும் வாசலிலிருந்து வருவோம். அத்தை நிமிர்ந்து நின்று, "வணக்கம், வாங்க, எத்தனை பேர்?" என்பாள். தம்பி தினமும் "நூறு பேர்" என்பான். தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற துணியைத் தாமரை மாதிரி மடிப்பது எப்படி என்று அப்பாவின் கைக்குட்டையில் செய்து காட்டுவாள். அங்கே இருக்கிற சட்டதிட்டங்களையும் சொல்வாள். அதில் ஒன்று, வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து உள்ளே சாப்பிடக் கூடாது. காட்டூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பையிலிருந்து முறுக்கை எடுத்து மேசையில் பரப்பிவிட்டதாம். "நான்தான் போய்ச் சொல்லணும். வாசல்ல நிக்கறவ கவனிக்கலேன்னா அது என் தப்பு. வேலைக்கே வேட்டு வெச்சுடுவாங்க."

ஆடி பிறந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து சேர்ந்தது. ஆடிப்பெருக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. காவிரிக்கு மசக்கை என்று சொல்லி, பெண்கள் காப்பரிசியும் கருகமணியும் காதோலையும் கொண்டுபோய் ஆற்றில் விடுவார்கள். ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். பிறகு கரையில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுபோன சித்திரான்னங்களைச் சாப்பிட வேண்டும். அன்று அம்மா விடியுமுன்னே எழுந்து புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம் எல்லாம் கிளறிப் பெரிய அடுக்கு டிபன் கேரியரில் அடைத்தாள். அத்தை வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டாள். ஓட்டலில் அன்று கூட்டம் நெரியும், லீவு கிடையாது. மத்தியானம் பெரியப்பா வந்து பார்ப்பார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். போகும்போது பூஜை அறைக்குள் போய் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

ஆற்றில் பூஜை முடிந்தது. சாப்பாட்டு நேரம். பெரியப்பா நேராகக் கண்ணாடி ஓட்டல் பக்கம் நடக்க ஆரம்பித்தார். டிபன் கேரியர் அப்பா கையில்.

"பெரியப்பா, வெளிச் சாப்பாட்டை உள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க" என்றேன்.

"நாம என்ன வெளி ஆளா? நம்ம பாப்பா இருக்கற இடம்" என்றார். "வருஷா வருஷம் நாம உக்காந்த இடம்தானே அது? ஓட்டல் கட்டிட்டா கரை இல்லேன்னு ஆயிடுமா? இன்னிக்குக் காவேரியைப் பாத்துக்கிட்டு வீட்டுச் சோறு சாப்பிடணும். அவன்கிட்ட ஆளுக்கொரு காபி வாங்கிக் குடிச்சுட்டா போச்சு."

அவர் மனதில் கள்ளம் கிடையாது. இரண்டு நல்ல காரியம் ஒரே நேரத்தில் முடிகிறது என்ற திருப்திதான் முகத்தில் இருந்தது. அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பெரியப்பா படியேறிவிட்டார். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அத்தை அங்கே நின்றிருந்தாள். சாம்பல் நிறப் புடவையில் ஒரு சுருக்கம் இல்லை. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அப்பா கையில் இருந்த டிபன் கேரியரைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் டை கட்டிய மேனேஜர்.

"வணக்கம் சார். வாங்க. எத்தனை பேர்?" என்றாள்.

எனக்கு அது எங்கள் வீட்டு விளையாட்டு மாதிரிதான் இருந்தது, சிரிப்பு வந்தது. பெரியப்பாவுக்கு வரவில்லை. சொந்த அண்ணனை சார் என்று கூப்பிட்டதை நம்பமுடியாமல் அவளையே பார்த்துவிட்டு, "அஞ்சு பேர்" என்றார். அவள் எங்களை ஆற்றோர மேசைக்கு அழைத்துப்போனாள். போகிற வழியில் என் காதோரம் குனிந்து, "அடுக்கைத் திறக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு" என்றாள்.

நான் சொன்னேன். ஆனால் அந்த வீட்டின் தபால் அன்று வேலைக்கு ஆகவில்லை. அம்மா பெரியப்பாவிடம் சொல்லச் சொல்லி என்னிடம் திருப்புவதற்குள், அவரே டிபன் கேரியரை வாங்கி வெள்ளை விரிப்பின் நடுவில் வைத்துக் கம்பியை உருவிவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரு கரையும் நிரம்பிக் காவிரி போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் மலைக்கோட்டை. அவ்வளவு தண்ணீரும் ஒரு சத்தம்கூட இல்லாமல் போனது எனக்கு என்னவோ போல் இருந்தது. உள்ளே நல்லெண்ணெயும் பெருங்காயமும் வறுத்த வேர்க்கடலையுமாகப் புளிச்சாத வாசனை குப்பென்று எழுந்தது. அக்கம்பக்கத்து மேசைகளில் முள்கரண்டிகள் நின்றன. பக்கத்து மேசையில் ஒரு சின்னப் பையன், "அம்மா, எனக்கு அது வேணும்" என்றான். பெரியப்பா, அம்மாவின் கூடையிலிருந்து வாழையிலையை எடுத்துத் தட்டின் மேல் போட்டார். பரிமாறுகிற ஆள் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அத்தையைப் பார்த்தார்.

அத்தை நடந்து வந்தாள். அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் அவள் என்னவெல்லாம் நினைத்திருப்பாள்? சொல்லாவிட்டால் ஓட்டலில் வேலை போகும். சொன்னால் வீட்டில் போகும். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஜன்னலும் கொய்யா மரமும்தான்.

"சார், மன்னிக்கணும்" என்றாள். குரல் சன்னமாக, ஆனால் தெளிவாக வந்தது. "வெளிச் சாப்பாடு இங்க சாப்பிட அனுமதி இல்லீங்க."

"யாரைப் பாத்து என்ன சொல்றே?" என்றார் பெரியப்பா.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தாங்க. எடுத்து வெச்சுடுங்க சார். வெளியில படித்துறையில நிழலா இடம் இருக்கு." கைகளை முன்னால் கோத்துக்கொண்டிருந்தாள். 

பெரியப்பா அசையவில்லை. ஓட்டல் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. மண்டியில் அவரைக் கண்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அப்போதுதான் அம்மா எழுந்தாள். இலையைச் சுருட்டிக் கூடையில் போட்டாள். டிபன் கேரியரை மூடிக் கம்பியைச் செருகினாள். என்னைக் கூப்பிடவில்லை. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து, நேராக அவரிடமே, "எந்திரிங்க மாமா. அவ வேலையை அவ பாக்கட்டும்" என்றாள்.

வந்த அதிர்ச்சிகளில் இதுதான் அவரை எழுப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். எழுந்தார். விறுவிறுவென்று வெளியே போனார். கழற்றிவிட்ட செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு வெயிலில் படித்துறைக்கு இறங்கிவிட்டார்.

படித்துறையில் ஓர் அரசமரத்து நிழலில் அம்மா இலை போட்டுப் பரிமாறினாள். யாரும் தொடவில்லை. தம்பிக்குக்கூடப் பசி மறந்துவிட்டது. மேலே ஓட்டல் கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது.

"நாளையிலேருந்து அவ போக வேணாம்" என்றார் பெரியப்பா.

அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "அவ வேலையைத்தானே அண்ணே பாத்தா" என்றார். அண்ணனை எதிர்த்து அப்பா பேசி நான் கேட்டது அதுதான் முதல்.

"என்னை சார்னு கூப்பிட்டாடா." பெரியப்பாவின் குரல் கம்மிப்போனது. "நான் தூக்கி வளத்த பொண்ணு. யாரோ மாதிரி நின்னு, யாரோ மாதிரி பேசறா. நாம கூட்டத்துல வந்து நின்னது அவளுக்கு அவமானமாப் போச்சு."

அவர் அப்படித்தான் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எனக்கும் அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது. பெரியப்பாவைப் பற்றி ஒன்றை மட்டும் நான் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தவர் அவர்தான். அரிசியை ஊதிப் பார்க்கிறவர், அந்த ஆளை மட்டும் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டார். அத்தை திரும்பி வந்தபிறகு யாரிடமும் சொல்லாமல் அந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்று கெஞ்சிவிட்டும் வந்திருக்கிறார். இங்கே என்ன குறை, என்ன குறை என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தது அதிகாரம் என்று நாங்கள் நினைத்தோம். அது அதிகாரமில்லை. ஒரு குறையும் இல்லை என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும். அவள் அதைச் சொல்லவே இல்லை. பாவம், இரண்டு பேரும்.

கொஞ்ச நேரத்தில் அத்தை படியிறங்கி வந்தாள். அவளுடைய சாப்பாட்டு நேரம். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் பெரியப்பாவின் செருப்பு. அவர் காலடியில் அதை வைத்துவிட்டு, சாம்பல் நிறப் புடவை அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் படியிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணி, எனக்கும் ஒரு இலை போடுங்க. காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. உங்க கையால சாப்பிடணும்னுதான் ஓட்டல்லயும் சாப்பிடலை."

அம்மா இலை போட்டாள். பெரியப்பா ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேனேஜர் கேட்டாரு, யாரும்மா அவங்கன்னு" என்றாள் அத்தை. "எங்க அண்ணன்னு சொன்னேன். முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா, இன்னிக்கு ஒரு நாள் கண்டுக்காம விட்டிருப்பேனேன்னாரு. அதுக்குத்தான் சார் சொல்லலைன்னேன்."

பெரியப்பா திரும்பினார். "ஏன் சொல்லலை?"

"உங்களை விட்டுட்டா, அப்புறம் முறுக்கு கொண்டு வர்றவங்ககிட்ட நான் எந்த மூஞ்சியோட போய்ச் சொல்றது? இவ அண்ணனுக்குன்னா ஒண்ணு, ஊருக்குன்னா ஒண்ணுன்னு உள்ள இருக்கறவங்க பேசமாட்டாங்களா? உங்க பேரும்தானே அண்ணே கெடும்?"

 பக்கத்தில் ஒரு புதுப்பெண்ணுக்கு யாரோ மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு இப்போது சத்தம் இருந்தது.

"அத்தனை பேர் முன்னாடி என்னை எடுத்து வைன்னு சொல்ல உனக்குப் பயமா இல்லையா?" என்று பெரியப்பா கேட்டார். கோபம் இல்லை குரலில். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலத்தான் கேட்டார்.

அத்தை புளிச்சாதத்தை உருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"பயமாத்தான் இருந்துச்சு அண்ணே" என்றாள். "ஆனா அந்த வீட்டுல அவரு என்னைப் போன்னு சொன்னப்ப, ஏன் போகணும்னு ஒரு வார்த்தை கேக்க எனக்கு வாய் வரலை. பெட்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். தினம் அதை நினைச்சுத்தான் அந்த ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பேன். இன்னிக்கு எனக்கு வாய் வந்துச்சு. உங்ககிட்ட வந்துட்டா இனிமே யார்கிட்டயும் வரும்ல?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா எழுந்து இரண்டு படி கீழே இறங்கி, தண்ணீரைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பெரியப்பா அத்தையின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது பெரியம்மா போன அன்று, அதற்குப் பிறகு அன்றுதான். கேரியரைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு கரண்டி புளிச்சாதத்தை எடுத்து அவள் இலையில் வைத்தார். அந்த மனிதர் யாருக்கும் பரிமாறி நான் கண்டதில்லை. பாதி இலையிலும் பாதி படியிலும் விழுந்தது.

"சீக்கிரம் சாப்பிடு பாப்பா" என்றார். "நேரமாச்சுன்னா உங்க மேனேஜர் தேடப்போறாரு."

அத்தை மடமடவென்று சாப்பிட்டாள். கையைக் காவிரியிலேயே கழுவிக்கொண்டு, புடவையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, படியேறி வேலைக்குப் போனாள்.